நெல் ஊறவைக்கும் தொட்டியில் ஜலக்கசிவும் அதனைச் செப்பனிடும் முறையும்

தஞ்சாவூர் ஜில்லாவிலும் காவேரிப் பாசனத்தைச் சேர்ந்த பிற பகுதிகளிலும் புழுங்கல் அரிசி பெரிதும் உபயோகிக்கப்படுகிறது. அவ்வரிசியின் தரம் அரைவை ஆலையில் மட்டும் ஏற்படுவதன்று. நெல் ஊறும் தொட்டியிலேயே அது பெரும்பாலும் நிச்சயமாகிவிடுகிறது. ஆதலின் தொட்டியில் காணும் சிறு கசிவையும் அலட்சியம் செய்தலாகாது.

கசிவினால் உண்டாகும் நஷ்டம்

பச்சைத் தண்ணீரில் நெல் ஊற ஒன்று முதல் மூன்று நாட்கள் செல்லும். அதற்குள் ஜலம் புளித்து அரிசியில் துர்நாற்றம் ஏறும். இக்குறையை நீக்க மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வெந்நீர் முறையை வகுத்தது. ஏறக்குறைய 85 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் நெல்லைக் கொட்டினால் உஷ்ணம் 70 டிகிரி அளவில் நிலைபெறும். 3 முதல் 3½ மணி நேரத்தில் நெல் ஊறிவிடும்.

தொட்டி கசிந்தால் மேல்மட்டத்து நெல் ஜலத்திற்கு வெளியே நிற்கும். அந்நெல் அவிக்கும்போது நடுவரை வேகாது வெண்மையாக நின்று, அரைவையில் குருணையாக நொறுங்கும். குறைவை ஈடுசெய்யப் பச்சைத் தண்ணீர் வார்த்தாலோ உஷ்ணம் தாழ்ந்து ஊறும் காலம் நீளும், விறகும் வீணாகும். 2 மீட்டர் நீளமும் 1½ மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் மட்டம் 1 சென்டிமீட்டர் தாழ்ந்தால் 30 லிட்டர் ஜலம் போயிற்றென்று அறிக.

கசியும் இடத்தைக் காணுதல்

ஊறும் நெல் தானே ஜலத்தை உறிஞ்சுமாதலால், நெல் உள்ளபோது மட்டம் தாழ்வதை மட்டும் கொண்டு கசிவென்று முடிவு செய்யலாகாது. வெறுந் தொட்டியில் ஜலம் நிரப்பி, சுவர் உறிஞ்சி அடங்க இரண்டு நாள் விட்டு, மீண்டும் நிரப்பி மட்டத்தில் குறியிடவேண்டும். பக்கத்தில் ஓர் அகன்ற பாத்திரத்திலும் ஜலம் வைத்துக் குறியிடுக. ஒரு நாள் கழித்துப் பாத்திரத்தில் குறைந்ததைவிடத் தொட்டியில் அதிகம் குறைந்திருப்பின் கசிவு உண்டு.

ஜலம் ஓர் உயரத்தில் வந்து நின்றுவிட்டால் அவ்வுயரத்திலேயே வெடிப்பு இருக்கும். முற்றிலும் வடிந்துவிட்டால் குற்றம் அடித்தளத்திலோ வடிகுழாயிலோ உள்ளது. அப்போது துணி சுற்றிய மரக்கட்டையால் குழாயை உள்ளிருந்து இறுக அடைத்துப் பார்க்கவேண்டும். கசிவு நின்றால் வால்விலோ குழாயின் இணைப்பிலோ குற்றம் என்பது தெளிவு.

செப்பனிடும் முறை

தொட்டியை வடித்து உலர்த்தி, வெடிப்பின் வழியே சுமார் 25 மில்லிமீட்டர் ஆழமும் அகலமும் உள்ள பள்ளம் வெட்டுக. பள்ளத்தின் வாயைவிட உட்புறம் சற்று அகன்றிருப்பின் பூச்சு பெயராது. தூசியைக் கம்பித் தூரிகையால் நீக்கி, நனைத்து, சிமெண்டுப் பால் தடவி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்த கலவையை அழுத்தி நிரப்பவேண்டும். பின்பு ஈரச்சாக்கிட்டு 7 முதல் 10 நாட்கள் நனைத்துவருதல் அவசியம். அவசரப்பட்டு முன்னரே வெந்நீர் விட்டால் பூச்சு மீண்டும் வெடிக்கும்.

குழாயைச் சுற்றிக் கசிந்தால் அவ்விடத்துக் காரையைப் பெயர்த்து, துருவைச் சுரண்டி, புதிதாகப் பூசுக. திருகு மரைகளுக்கு டெஃப்ளான் நாடா சுற்றலாம்.

எச்சரிக்கை

கசிவை அடைக்கத் தார் பூசுவது தகாது. வெந்நீரில் அது இளகும், அதன் வாடை அரிசியில் ஏறும். ஈயம் கலந்த வர்ணமும் பசையும் நஞ்சாகையால் உணவுத் தானியம் படும் இடத்தில் அறவே கூடாது. உஷ்ணம் காக்கத் தொட்டியைச் சுற்றி உமி மூட்டை அடுக்குவோர், கசிவை முதலில் நிறுத்தவேண்டும். நனைந்த உமி உஷ்ணத்தைக் காவாது. நெல் ஊறும் வேளையில் கசிவு தோன்றினால் வெந்நீரையே வார்த்து மட்டத்தைக் காத்து, அந்த ஊறலை முடித்தபின் தொட்டியை நிறுத்துக.

குறுவை அறுவடை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருகிறது. அக்காலத்தில் ஈரநெல் குவிந்து கிடக்கத் தொட்டியைப் பத்து நாள் நிறுத்துதல் எளிதன்று. ஆகையால் கோடையிலேயே தொட்டியைச் சோதித்துச் செப்பனிட்டு வைப்பது நிலக்கிழார்களுக்கு இலாபகரமாகும். கிராம அலுவலரும் கூட்டுறவுச் சங்கத்தாரும் பொதுத் தொட்டிகளை இவ்வாறே ஆண்டுதோறும் பரிசோதித்தல் நலம்.