பிள்ளைகள் யாரிடம் கற்கிறார்கள் உயர்வு தாழ்வை?



மனிதர்களில் உயர்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார் என்று நம் பிள்ளைகளுக்கு நாம் பாடம் நடத்துவதில்லை. ஆனாலும் சிறு வயதிலேயே அதைக் கற்றுக்கொண்டு விடுகிறார்கள். எங்கிருந்து? நம்மிடமிருந்துதான்.

வசதியான உறவினர் வந்தால் "வாங்க" என்கிறோம். அதே வயதுள்ள துப்புரவுப் பணியாளரை "வா, போ" என்கிறோம். வீட்டு வேலைக்கு வரும் பெண்மணிக்குத் தனி டம்ளர் வைக்கிறோம். பிள்ளை காரணம் கேட்பதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறது. நாளை அதுவும் அப்படியே நடக்கும்.

1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியல் அறிஞர்கள், 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் காட்டினார்கள். சுற்றியுள்ளவர்கள் இழிவாகப் பார்த்தால், அந்தப் பிள்ளை தன்னையே இழிவாக எண்ணத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு பெரிய அநீதி!

இந்த நோயை இஸ்லாம் வேரோடு பிடுங்குகிறது. மனிதர்கள் அனைவரும் ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து வந்தவர்கள். குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே. அல்லாஹ்விடம் சிறந்தவர் இறையச்சமுடையவரே என்பது திருக்குர்ஆனின் போதனை (49:13).

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைக் குறிப்பிட்டு இழிவாகப் பேசியபோது, அறியாமைக் காலத்துக் குணம் உம்மிடம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதையே உண்ணக் கொடுங்கள், உடுத்துவதையே உடுத்தக் கொடுங்கள் என்றும் கட்டளையிட்டார்கள் (புகாரி). அதன்பின் அபூதர் (ரலி) தம் அடிமைக்கும் தம்மைப் போன்ற ஆடையையே அணிவித்தார்கள். தனி டம்ளருக்கு இங்கே இடம் எங்கே?

சிறுவராக இருந்தபோது நபி (ஸல்) அவர்களிடம் பணிக்குச் சேர்ந்தவர் அனஸ் (ரலி). பத்தாண்டுப் பணியில், 'ச்சீ' என்றுகூட நபியவர்கள் தம்மைச் சொன்னதில்லை என்கிறார்கள் (புகாரி). அதிகாரம் உள்ளவர் எப்படி நடக்க வேண்டும் என்பதை அந்தச் சிறுவர் பேச்சால் அல்ல, அனுபவத்தால் கற்றார்.

ஆகவே சகோதரர்களே! ஜும்ஆ முடிந்து வெளியேறும்போது, பள்ளிவாசலைச் சுத்தம் செய்பவருக்கு ஸலாம் சொல்லுங்கள்; உங்கள் பிள்ளையையும் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் அந்தத் தனி டம்ளரை இன்றே எடுத்துவிடுங்கள். பிள்ளை பார்க்கட்டும்.

பெருமையிலிருந்து நம்மையும் நம் சந்ததிகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக!