தொலைவிலிருந்து கூடும் மன்றம்

ஊர்ப் பொதுக் காரியங்களை நடத்தும் மன்றம் ஒன்றின் தீர்மானம் செல்லுபடியாக வேண்டுமாயின், அது முறைப்படி கூடிய கூட்டத்தில் நிறைவேறியதாக இருத்தல் வேண்டும். ஆனால், கூட்டம் என்பது யாது? அங்கத்தினர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்தால்தான் கூட்டமா? அவரவர் இல்லத்திலிருந்தவாறே தொலைபேசி வாயிலாகவோ காணொலி வாயிலாகவோ கலந்து பேசி முடிவு செய்வதும் கூட்டமாகுமா? இக்கேள்வி 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிராம மன்றங்களில் எழுந்தது. அந்நாடு பெற்ற அனுபவம், பஞ்சாயத்துப் பணியில் ஈடுபட்டோர் யாவரும் அறிந்து கொள்ளத்தக்கது.

பழைய விதி

இங்கிலாந்தில் ஆட்சி அமைப்பின் அடிப்படியாக விளங்குவது ‘பாரிஷ் கவுன்சில்’ எனப்படும் கிராம மன்றம். விளையாட்டு மைதானம், இடுகாடு, தெரு விளக்கு போன்றவற்றை அது கவனித்து வருகிறது. அதன் கூட்டங்களுக்கான விதிகள் 1972ஆம் ஆண்டின் ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தில் உள்ளன. மொத்த அங்கத்தினரில் மூன்றில் ஒரு பங்கினர், எவ்வாறாயினும் 3 பேருக்குக் குறையாமல், வந்திருந்தால்தான் கோரம் உண்டு. தகுந்த வேறிடம் இலவசமாகவோ நியாயமான வாடகைக்கோ கிடைக்குமாயின், மதுபானம் விற்கும் இடத்தில் கூடலாகாது. தொடர்ந்து 6 மாதம் கூட்டங்களுக்கு வராத அங்கத்தினர், மன்றம் ஒப்புக்கொண்ட காரணம் இருந்தாலன்றிப் பதவியை இழப்பார். மேலும், பொதுமக்கள் கூட்டத்திற்கு வந்து கவனிக்கும் உரிமையை 1960ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வழங்கியிருந்தது.

நோய்க்காலத்தில் வந்த மாற்றம்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோய் பரவியபோது மக்கள் ஒன்றுகூடுதல் தடுக்கப்பட்டது. ஆயினும் ஊர்க் காரியங்கள் நிற்க முடியுமா? ஊழியருக்குச் சம்பளம் தர வேண்டும். வரவு செலவுத் திட்டம் நிறைவேற வேண்டும். ஆகவே, அம்மாதம் இயற்றப்பட்ட கொரோனா சட்டத்தின்கீழ் விதிகள் வகுக்கப்பட்டு, ஏப்ரல் 4ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. கூட்டம் நடைபெறும் ‘இடம்’ என்பது இணைய முகவரியாகவோ தொலைபேசி எண்ணாகவோ இருக்கலாம் என்று அவை கூறின. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தொலைவிலிருந்து கலந்து கொள்பவர் ஏனையோர் பேசுவதைக் கேட்க வேண்டும். அவர் பேசுவதும் ஏனையோருக்குக் கேட்க வேண்டும். முகம் தெரிவது விரும்பத்தக்கதே, கட்டாயமன்று.

இதனால் நன்மைகள் விளைந்தன. முதியோரும், உடல்நலம் குன்றியோரும், கைக்குழந்தையை விட்டு வர இயலாத தாய்மாரும் வீட்டிலிருந்தே கடமையாற்ற வழி பிறந்தது. குறைகளும் இல்லாமல் இல்லை. இணைய வசதி சரிவர எட்டாத ஊரில் இருப்பவர், கூட்டத்தின் நடுவே குரல் அறுந்து தவிக்க நேரிடும்.

பொத்தான் யார் கையில்?

செஷயர் மாவட்டத்து ஹேண்ட்ஃபோர்த் மன்றம் 2020 டிசம்பரில் காணொலி வாயிலாகக் கூடியது. முறைப்படி அழைக்கப்பட்ட கூட்டமா இது என்ற தகராறு மூண்டது. கூட்டத்தை நடத்தித் தர வந்திருந்த அலுவலர், தலைவரையே கூட்டத்திலிருந்து நீக்கிவிட்டார். அக்காட்சியை உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் கண்டு நகைத்தனர். ஆனால் நகைப்புடன் விட்டுவிடத்தக்க செய்தியன்று இது. மண்டபத்தில் ஒருவரை வெளியேற்றுவதற்கு முறையும் சாட்சிகளும் உண்டு. காணொலியிலோ ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அப்பொத்தானை அழுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்னரே எழுதி வைக்காவிடில், கருவியை இயக்குபவரே மன்றத்தை ஆள்பவராகிவிடுவார்.

நீதிமன்றத்தின் முடிவு

மேற்கூறிய விதிகள் 2021 மே 7ஆம் நாளுக்கு முன் நடைபெறும் கூட்டங்களுக்கு மட்டுமே உரியவை. பின்னரும் அவ்வாறே கூடலாமா என்று ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்ட மன்றம் உள்ளிட்டோர் உயர்நீதிமன்றத்தை நாடினர். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘கூட்டம்’ என்பது குறித்த ஓரிடத்தில் நேரில் கூடுவதையே சுட்டும் என்று 2021 ஏப்ரல் 28ஆம் நாள் தீர்ப்பாயிற்று. பொருளை மாற்றுவது நீதிமன்றத்தின் வேலையன்று, பாராளுமன்றத்தின் வேலை என்பதே அதன் சாரம். இதற்கு மாறாக, ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டமே தொலைவிலிருந்து பங்கு கொள்ள இடந்தந்திருந்தது. வேல்ஸ் நாடும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அவ்வழியை நிலையாக்கிக் கொண்டது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

இவ்வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, கருவி கையில் இருப்பதாலேயே உரிமை வந்துவிடாது. சட்டம் இடந்தராத கூட்டத்தின் தீர்மானம் வழக்கில் நிற்பது அரிது. இரண்டாவது, வந்தோரைக் கணக்கிடும் முறை, வாக்களிக்கும் முறை, தலைவரின் அதிகாரம், தொடர்பு அறுந்தால் செய்ய வேண்டுவது ஆகியவற்றை முன்கூட்டியே வகுத்தல் வேண்டும். மூன்றாவது, பொதுமக்கள் காணவும் கேட்கவும் வழியின்றிச் செய்யும் முடிவு, நான்கு சுவர்களுக்குள் எடுத்ததாயினும் இணையத்தில் எடுத்ததாயினும், பொது முடிவாகாது.

மன்றத்திற்கு மதிப்பளிப்பது மண்டபமன்று. ஒவ்வோர் அங்கத்தினரின் குரலும் தடையின்றி ஒலிப்பதும், அதனை ஊரார் செவிமடுப்பதுமே அம்மதிப்பைத் தருவன. இவ்விரண்டையும் காக்கும் சட்டம் இருக்குமாயின், தொலைவு ஒரு குறையாகாது.