போக எட்டு மணி, வர ஏழு மணி

அன்புள்ள தம்பிக்கு,

லண்டன் ஹீத்ரோவில் காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்குப் பகல் 1 மணிக்குப் போய்ச் சேரும் என்று பயணச்சீட்டில் இருந்தால், 3 மணி நேரப் பயணம் என்று எண்ணிவிடாதே. அந்தந்த ஊர்க் கடிகாரப்படிதான் நேரம் போடுவார்கள். ஆண்டின் பெரும்பகுதி நியூயார்க் 5 மணி நேரம் பின்னால் இருக்கும். அதையும் கூட்டினால் 8 மணி. திரும்பும் விமானமோ இரவு 7 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 7 மணிக்கு லண்டன் வரும். 12-இல் 5-ஐக் கழி, 7 மணிதான். ஒரு மணி நேரம் எங்கே போனது?

தூரம் மாறவில்லை, இரண்டு நிலையங்களுக்கும் இடையே சுமார் 5,540 கி.மீ. இது தட்டை வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளந்த தூரமல்ல. உலக உருண்டையில் இரு ஊர்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்துப் பார். நியூயார்க் லண்டனுக்குத் தெற்கே இருந்தும், நூல் முதலில் சற்று வடக்கே ஏறி, அயர்லாந்தைக் கடந்து, நியூஃபவுண்ட்லாந்து வழியாக இறங்கும். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். உருண்டையின் மேல் இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். தவறு. அப்படியானால் நியூயார்க்கே விமானத்தை நோக்கி வரவேண்டும். மேற்கே போவதுதானே விரைவாக முடியும்? பூமியோடு காற்றும் சேர்ந்தே சுழல்கிறது. ஓடும் ரயிலுக்குள் மேலே எறிந்த பந்து உன் கைக்கே திரும்பி வருவது போலத்தான் இதுவும்.

உண்மைக் காரணம் காற்று. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. வடதுருவக் குளிரும் தெற்கின் வெப்பமும் மோதும் எல்லையில் பிறப்பது. வேறுபாடு கூடும் குளிர்காலத்தில் வலுவும் கூடும். அதன் போக்கைப் பார்த்தே அட்லாண்டிக்கின் வான்பாதைகளைத் தினமும் புதிதாக வகுக்கிறார்கள். அதனால் விமானங்கள் பெருவட்டத்தை விட்டு விலகிப் பறப்பதும் உண்டு. கூடுதல் தூரம் பறந்தும் நேரம் மிச்சமாகும்!

கணக்குப் போட்டுப் பார். காற்றைப் பொறுத்து விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ.; காற்றின் வேகம் 100 என்று வைத்துக்கொள். எதிர்க்காற்றில் தரைவேகம் 800, பின்காற்றில் 1,000. போக ஏறத்தாழ 6 மணி 55 நிமிடம், வர 5 மணி 32 நிமிடம். ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் இதற்கு மேல். போகும்போது இழந்தது வரும்போது சரியாகிவிடும் என்று நினைப்பாய், ஆகாது. காற்றே இல்லாவிட்டால் போக வர 12 மணி 19 நிமிடம் போதும். இங்கோ 12 மணி 27 நிமிடம் ஆகிறது. எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்க நேர்வதால், அதன் கெடுதலே மிஞ்சுகிறது.

2020 பிப்ரவரியில், கடும்புயல் சமயத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியை முந்தவில்லை. சுற்றியிருந்த காற்றும் கூடவே ஓடியது. உண்மையாகவே ஒலியை முந்திய கான்கார்ட், 1996 பிப்ரவரி 7 அன்று 3 மணி நேரத்துக்குள் கடந்தது. அதுவும் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வந்த பயணம்தான்.

அன்புடன்,
அண்ணன்