தொழுவத்திலிருந்து அடுப்புக்கு: மலைநாட்டில் சாணவாயு

கமக்காரர்களே,

2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சமையல் வாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடெங்கும் வரிசை நின்றது. டீசல் இல்லாமையால், பிடுங்கிய கரட்டையும் லீக்சையும் சந்தைக்கு ஏற்றி அனுப்புவதே பெரும்பாடாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு, 2021 மே மாதத்தில், இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அத்தடை அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டபோதும் உருளைக்கிழங்குப் பாத்திகள் பட்ட பாட்டை நீங்களே அறிவீர்கள். எரிபொருள், பசளை ஆகிய இரண்டையும் ஓரளவேனும் தரவல்ல பொருள், மாடு வளர்ப்போரின் கொட்டிலுக்குப் பின்னால் குவிந்து கிடக்கின்றது.

சாணத்தையும் நீரையும் சம அளவாகக் கரைத்துக் காற்றுப் புகாத குழியில் இட்டால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து வாயுவை உண்டாக்குகின்றன. இவ்வாயுவில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கு மீதேன்; எரிவது இதுவே. எஞ்சியதிற் பெரும்பகுதி எரியாத கரியமிலவாயு. வெப்பமான பகுதிகளில் ஒரு கிலோகிராம் பச்சைச் சாணம் சுமார் 40 லீற்றர் வாயு தரும்.

ஆயின் நாம் வாழ்வது வெப்பமான பகுதியன்று. அந்நுண்ணுயிர்கள் நன்கு தொழிற்படுவது 35 பாகை செல்சியசு அளவில். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 16 பாகை. கீழ்நாட்டு அளவை அப்படியே பின்பற்றிக் குழி வெட்டுவோர் ஏமாற்றமடைவதற்குக் காரணம் இதுவே. அங்கே கரைசல் 40 நாள் தங்கினாற் போதும். இங்கே 80 நாளாவது தங்கவேண்டும். கொட்டிலிலேயே கட்டித் தீனி போடும் இரண்டு கலப்பினப் பசுக்களிடமிருந்து நாளொன்றுக்கு 30 கிலோகிராம் சாணம் கிடைக்கிறதெனக் கொள்வோம். நீருடன் அது 60 லீற்றர். 80 நாளைக்கு 4,800 லீற்றர். வாயு தங்கும் இடத்தையும் சேர்த்து 6 கனமீற்றர்க் குழி வேண்டும். அவ்வாறு அமைத்தாலும் கீழ்நாட்டு விளைவிற் பாதியையே எதிர்பாருங்கள். 600 லீற்றர் வாயுவில் ஓர் அடுப்பு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எரியும். சோறும் கறியும் தேநீரும் ஆகிவிடும். குளிக்க வெந்நீருக்கு விறகுதான்.

மிதக்கும் இரும்பு மூடி எளிதில் குளிரும்; துருவும் பிடிக்கும். நிலத்தினுள் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டும் சீன முறைக் குழியே இங்கு ஏற்றது. வெயில் படும் இடத்தைத் தெரிந்தெடுங்கள்; செங்குத்துச் சரிவின் விளிம்பைத் தவிருங்கள். குழியின் மேல் வைக்கோலோ கூட்டெருவோ பரப்புங்கள். நீரை வெயிலில் வைத்து, நண்பகலிற் கரைத்து ஊற்றுங்கள். மருந்து ஊசி போட்ட மாட்டின் சாணமும் சவர்க்கார நீரும் நுண்ணுயிர்களைக் கெடுக்குமாதலால் அவற்றைச் சேர்க்கவேண்டாம்.

முதலில் வரும் வாயுவிற் காற்று கலந்திருக்கும். அதனைப் பற்றவைக்காது வெளியே விட்டுவிடுங்கள். கசிவைத் தேடுவதற்குச் சவர்க்கார நுரை போதும்; தீக்குச்சி கொண்டு தேடுவது உயிருக்கே ஆபத்து. குழிக்குள் எக்காரணத்தாலும் இறங்கலாகாது.

வெளியேறும் கரைசலை வீணாக்குவோரைக் கண்டிருக்கிறேன். சாணத்திலிருந்த தழைச்சத்திற் பெரும்பங்கு அதிலேயே இருக்கின்றது! கோவாவுக்கும் லீக்சுக்கும் நீருடன் கலந்து வேரடியில் ஊற்றலாம். நெல்வயலுக்கு உழவின்போது விடலாம். பச்சையாக உண்ணும் சலாது, கரட் ஆகியவற்றுக்கு நிலம் பண்படுத்தும்போது மாத்திரம் இடுக. குளிர்ந்த குழியில் நோய்க்கிருமிகள் யாவும் மடிவதில்லை.

இவ்வாயுவால் லொறியை ஓட்டலாமா எனப் பலர் வினவுகின்றனர். முடியும், ஆனால் கரியமிலவாயுவை நீக்கி, வளியமுக்கத்தின் 200 மடங்கு அளவுக்கு அமுக்கி அடைக்கவேண்டும். அது கிராமத்துக் கொட்டிலில் ஆகும் வேலையன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னை மாகாணத்தில் மரக்கரி வாயுவால் பஸ்கள் ஓடின. பெற்றோல் வந்ததும் மறைந்தன. மோட்டார் வாகனங்களின் எதிர்காலம் மின்சாரத்திலேயே இருக்கும் என்பது என் எண்ணம். அதற்கும் மலைநாட்டு நீர் உதவும். 1918இல் விமலசுரேந்திரா எடுத்துக்காட்டிய நீர்வலு, 1950இல் இலக்சபானவில் மின்சாரமாயிற்று. அற்றனுக்கு அப்பால் நோட்டன் பிரிட்ஜில் தேங்கும் நீரே அதனை இயக்குவது. வாகனத்தை அந்நீருக்கு விட்டுவிட்டு, நாம் அடுப்பைக் கவனிப்போம்.

குழி வெட்டுமுன் ஒரு கிழமைக்குச் சாணத்தை நாள்தோறும் நிறுத்துக் குறித்துவையுங்கள். சராசரி 20 கிலோகிராமுக்குக் குறைந்தால் அயலவருடன் சேர்ந்து பொதுக்குழி அமைப்பது நன்று. லயன்களில் வசிப்போர், நிலம் தோட்டத்துக்குரியதாதலால், நிருவாகத்திடம் எழுத்துமூல அனுமதி பெற்ற பின்னரே சீமெந்து வாங்குக.