தண்ணீர் வந்தது, நாற்று காய்ந்தது

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படும். கல்லணை தாண்டி நம்ம ஊருக்கும் தண்ணீர் வரும். அதை நாம் உண்டாக்கவில்லை, வருவது கிருபை.

ஒரு வருஷம், “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று என் வயல் வாய்க்காலை நான் தூர்வாரவில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடியது. என் நாற்றங்கால் காய்ந்தது. அந்த வருஷம் என் ஜெபமும் அப்படித்தான் தூர்ந்து கிடந்தது. ஞாயிறுதோறும் பிரசங்கித்தேன், உள்ளே வறட்சி!

பிலிப்பியர் 2:12,13 வாசியுங்கள். பிரயாசப்படச் சொல்லும் பவுல், நமக்குள் கிரியை செய்கிறவர் தேவனே என்றும் சொல்லுகிறார். மண்வெட்டி தண்ணீரை உண்டாக்காது. வருகிற தண்ணீருக்கு வழிவிடும். அதிகாலை ஜெபமும் வேதவாசிப்பும் நம்முடைய மண்வெட்டி.

சகோதரனே, சகோதரியே, உங்கள் வாய்க்காலை அடைத்திருப்பது எது? இன்றே வாரிப்போடுங்கள். கர்த்தர் பாய்ச்சுவார், ஆமென்!