லீவர் ரைஃபிளை எங்கே பழுதுபார்ப்பது?

கேள்வி: தாத்தா காலத்து லீவர் ரைஃபிள் ஒன்று உரிமத்துடன் வீட்டில் இருக்கிறது. செஞ்சியில் யாரிடம் பழுதுபார்க்கக் கொடுக்கலாம்?

பதில்: துப்பாக்கி பழுதுபார்ப்பது இந்தியாவில் தனி உரிமம் வேண்டிய தொழில். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் உரிமம் இல்லாத லேத் பட்டறைக்காரரிடமோ கொல்லரிடமோ கொடுக்கக் கூடாது. செஞ்சி விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பதால், ஆட்சியர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவில் விசாரிப்பதே சரியான தொடக்கம். சென்னையில் உரிமம் பெற்ற ஆயுத வணிகர்கள் உண்டு. பழுதுபார்க்கவும் உரிமம் உள்ளதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உரிமதாரர் போக முடியாவிட்டால், அவருடைய எழுத்துபூர்வ அனுமதியுடன் வேறொருவர் எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தருகிறது.

1894ஆம் ஆண்டு வின்செஸ்டர் போன்ற லீவர் ரைஃபிள்களில், விசைக்கு அடியிலுள்ள நெம்புகோலை இறக்கினால் வெற்றுத் தோட்டா வெளியேறும். ஏற்றினால் அடுத்தது குழலுக்குள் போகும். எனவே தோட்டாவை இழுக்கும் கொக்கியின் தேய்மானம், சுருள்வில்லின் தளர்ச்சி, உள்ளே இறுகிய பழைய எண்ணெய் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். குழாய் வடிவ மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், கூர்முனைத் தோட்டா முன்னுள்ளதை வெடிக்கச் செய்யலாம். இது உயிருக்கே ஆபத்து.

மாற்றம் செய்வது வேறு விஷயம். உரிமமின்றிக் குழலைக் குறுக்குவது அதே சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி குற்றம். அடையாள எண்ணை அழிப்பதும் குற்றமே. பழுது நீங்கினால் போதும், வடிவத்தில் கைவைக்க வேண்டாம்.