மூங்கில் விரிப்பில் மூங்கில் எங்கே?

கேள்வி: படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் வாங்க வேண்டும். பருத்தி தண்ணீரைக் குடிக்கும் பயிர், மூங்கில் துணிதான் இயற்கைக்கு உகந்தது, கிருமியும் அண்டாது என்கிறார்கள் கடையில். விலைதான் கூடுதல். நம்பி வாங்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: மூங்கில் நல்ல பயிர் என்பதில் ஐயமில்லை. பூச்சிமருந்து அதிகம் கேட்காது; வெட்டினாலும் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். ஆனால் கூடை முடையும் அந்த முரட்டுக் கழி, பட்டுப்போல வழுக்கும் துணியாவது எப்படி? கழியைச் சிதைத்துக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துத் தேன்போன்ற பாகாக்குகிறார்கள். அதை நுண்துளைகள் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் நூலாக இறுகும். 1892இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற இந்த முறையின் பெயர் விஸ்கோஸ்; ரேயானில் ஒரு வகை. மரக்கூழில் செய்தாலும் மூங்கில் கூழில் செய்தாலும் கிடைப்பது அதே செல்லுலோஸ் நூல்தான். மூங்கிலின் கிருமி எதிர்ப்புக் குணம் இத்தனை ரசாயனத்தையும் தாண்டி நூலில் தங்குகிறது என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. ரேயானை மூங்கில் துணி என்று விற்றதற்காக 2022இல் அமெரிக்காவின் இரண்டு பெரிய சில்லறை நிறுவனங்கள் மொத்தம் 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. எனக்கு இதைவிடப் பெரிய கவலை, ஆலைக்குள் நிற்பவர்களைப் பற்றியது. கார்பன் டைசல்பைடு ஆவி தொழிலாளர்களின் நரம்பைக் கெடுக்கும் என்பது நூறாண்டுக்கும் மேலாகத் தெரிந்த உண்மை. ஆலைக் கழிவு ஆற்றை என்ன செய்யும் என்பதைச் விஸ்கோஸ் ஆலை இருந்த சிறுமுகையில் பவானி ஆறு பட்டே காட்டியது.

அப்படியானால் பருத்தி குற்றமற்றதா என்று கேட்பீர்கள். இல்லை, அதற்கு அடிக்கும் பூச்சிமருந்து உண்மையான சிக்கல். ஆனால் தண்ணீர்க் குற்றச்சாட்டை எல்லாப் பருத்தி மீதும் ஒரேயடியாகச் சுமத்த முடியாது. இந்தியாவில் பருத்திப் பரப்பின் பெரும்பகுதி மானாவாரி. ரசாயனம் தொடாத நாரிலும் கேடு உண்டு என்ற வாதத்தையும் ஏற்கிறேன். கேரளக் காயல்களில் பச்சை மட்டையை மாதக்கணக்கில் அழுகவிட்டுக் கயிற்றுநார் எடுத்ததில் நீர் நாறி, மீன்வளம் குன்றியது. பொள்ளாச்சிப் பக்கம் காய்ந்த மட்டையை இயந்திரத்தில் அடித்து நார் பிரிக்கும்போது அந்த நெடுநாள் ஊறல் தேவைப்படுவதில்லை. தென்னை ஒன்றுதான், பிரிக்கும் முறைதான் வேறு. ஆலை நூலிலும் இதே கதைதான். லையோசெல் என்பதும் மரக்கூழ் நூலே. ஆனால் கூழைக் கரைக்கும் திரவத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். ஆகவே எந்தச் செடி என்பதோடு, நாரை எப்படிப் பிரித்தார்கள் என்றும் கேட்டாக வேண்டும்.

உங்கள் தேவைக்குச் சென்னிமலைக் கைத்தறிப் பருத்தி விரிப்பு போதும். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். திரைச்சீலை வழவழவென்று தொங்க வேண்டுமானால் லையோசெல் பாருங்கள். தரைக்குப் பத்தமடைக் கோரைப்பாய் இருக்கிறது. கோரையை அறுத்து, கிழித்து, காயவைத்து நெய்கிறார்கள். துணி எந்த நூல் என்று கொளுத்திப் பார்த்தால் தெரியாதா என்பார்கள். பாலியெஸ்டர் உருகி மணியாகிக் காட்டிக்கொடுக்கும்; பருத்தியும் விஸ்கோஸும் ஒன்றுபோலவே காகிதம் எரியும் வாசனையில் எரியும். அதனால் உள்பக்கச் சீட்டைத் திருப்பிப் பாருங்கள். ‘விஸ்கோஸ்’, ‘ரேயான்’ என்றிருந்தால் மூங்கிலின் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். வெறும் ‘மூங்கில்’ என்று மட்டும் போட்டிருந்தால், எந்த முறையில் எடுத்த நூல் என்று கேட்டு பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.